மது அடிமைச் சிகிச்சையில் பெண்கள்

மது அடிமை நோய்க்கான சிகிச்சை நெடுங்காலம் ஆண்களை மனத்தில் வைத்தே வளர்ந்தது. குடியிலிருந்து மீள விரும்புவோரின் கூட்டமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1939இல் வெளியிட்ட மூலநூலில் மனைவியருக்கென ஓர் அத்தியாயமே உண்டு. குடிப்பவர் கணவர்தான் என்ற எண்ணம் அதில் வெளிப்படை. ஆனால் குடிக்கும் பெண்ணுக்குப் பாதிப்பு இன்னும் அதிகம்: பெண்ணுடலில் நீர் குறைவு என்பதால், அதே எடையுள்ள ஆண் குடிக்கும் அளவே பெண்ணின் இரத்தத்தில் மதுச்செறிவை ஆணைவிட அதிகமாகக் கூட்டும். கல்லீரலும் பெரும்பாலும் விரைவில் கெடும். ஆனாலும் சிகிச்சைக்கு வருவோரில் பெண்கள் குறைவு. ஊர்ப்பேச்சு ஒருபுறம், பிள்ளையை யாரிடம் விடுவது என்பது மறுபுறம். தங்கிச் சிகிச்சை பெறும் மையத்தில் குழந்தைக்கு இடமில்லையென்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. குடியிலிருந்து மீண்ட அமெரிக்கர் ஜீன் கிர்க்பாட்ரிக் 1975இல் பெண்களுக்கெனவே ‘விமன் ஃபார் சோபரைட்டி’ அமைப்பைத் தொடங்கினார். தன்மதிப்பை மீட்பதே அதன் உறுப்பினர்கள் பின்பற்றும் 13 வாசகங்களின் நோக்கம். சிகிச்சையில் சேர்ந்துவிட்டால் பெண்கள் பெறும் பயன் பொதுவாக ஆண்களுக்குக் குறைந்ததல்ல.