காசி யாத்திரையைக் கண்டவர் யார்?

பிராமணக் கல்யாணங்களில் மாப்பிள்ளை குடையும் கைத்தடியுமாகக் காசிக்குப் புறப்படுவார். பெண்ணின் தகப்பனார் வழிமறித்து, பெண்ணைத் தருவதாகச் சொல்லித் திருப்பி அழைத்து வருவார். நாம் எல்லோரும் பார்த்து ரசித்த சடங்குதான்.

இதை இருநூறு வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்தவர் அபே துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார். 1792-இல் இந்தியா வந்தவர், பெரும்பாலும் மைசூர்ச் சீமையில் வாழ்ந்தார். நம்மவர் உடை, நம்மவர் சாப்பாடு. அவருடைய கைப்பிரதியைக் கும்பினியார் 2,000 வராகன் கொடுத்து வாங்கி, 1816-இல் லண்டனில் ஆங்கிலத்தில் அச்சிட்டார்கள். பந்தல், முகூர்த்தம், தாலி என ஐந்து நாள் கல்யாணமும் அதில் உண்டு. 1823-இல் அவர் ஊர் திரும்பினார்.

கதை அதோடு முடியவில்லை. அந்தப் புத்தகத்தின் பெரும்பகுதிக்கு மூலம், சேசு சபைப் பாதிரியார் கேர்தூ எழுதி வைத்த பழைய பிரதியே என்று சில்வியா மூர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1987-இல் எடுத்துக் காட்டினார். கேர்தூ 1779-இல் நம் புதுச்சேரியிலேயே காலமானவர். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவுண்டு என்று 1767-இலேயே பாரீசுக்கு எழுதி அனுப்பியவரும் அவர்தான்.

ஆக, வராகன் ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருடையது. இருவருக்கும் முன்னால், இது இன்ன சடங்கு, இதற்கு இன்ன அர்த்தம் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த நம் ஊர்ப் பெரியவர்கள் இருந்திருப்பார்களே! அவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்?

இனி உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வெளிநாட்டு விருந்தாளி வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொல்லுங்கள். சொன்னவர் பெயரையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.