நினைவுடைய முகவர்

முன்பு பேசியதைச் சேமித்துவைத்து, அடுத்த உரையாடலையும் அதே குணத்தோடும் பேச்சுமுறையோடும் தொடரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள். அதன் உள்ளே இயங்கும் மொழி மாதிரிக்கு இயல்பாக இத்தகைய நினைவு கிடையாது. குறிப்புகளைத் தனியே எழுதிவைத்து, வேண்டியபோது எடுத்து அதன் முன் வைக்கிறார்கள். குணமும் பெரும்பாலும் அப்படி எழுதிவைத்த குறிப்புதான். 2023இல் ஸ்டான்ஃபோர்டு, கூகுள் ஆய்வாளர்கள் இத்தகைய 25 பாத்திரங்கள் வாழும் சிற்றூரைக் கணினியில் அமைத்தனர். அண்மை, முக்கியத்துவம், பொருத்தம் ஆகிய மூன்றையும் எடைபோட்டே அவை தம் நினைவைத் தேடின.

இராமேசுவரம் கரை மீனவர்களிடம் இத்தகைய முகவருக்கு அருகில் வருவது எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃபிரெண்ட் செயலி. மீன் கிடைக்கும் இடம், காற்று, அலை உயரம், பன்னாட்டுக் கடல் எல்லை நெருங்கும் எச்சரிக்கை ஆகியவற்றைத் தமிழில் தருகிறது. அது தகவல் கருவி; முகவர் அல்ல. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என இரு கடல்களின் இயல்பையும், வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்ற காற்றுகளின் போக்கையும் இன்றும் மூத்த மீனவர்களின் நினைவே சுமக்கிறது. அந்த நினைவை ஏற்கும் முகவர் வந்தால், ஒருவர் வலைவிடும் இடமும் அதில் பதியும். அந்த இடமே அவருடைய பிழைப்பு; வேண்டாதபோது அந்தப் பதிவை அழிக்க அவருக்கு வழி வேண்டும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபர் தரவைத் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையை வகுத்துள்ளது. அந்த உரிமை மீனவருக்கு எளிய தமிழில், பேச்சு வழியாகவே கிடைக்க வேண்டும்.