காப்பியும் கிடுக்கிப்பிடியும்

எடப்பாடிப் பக்கம் விசைத்தறியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவரிடம் எதுக்கு இத்தனை டீ என்று கேட்டால், "தூக்கம் வராம இருக்க" என்பார். தெம்புக்கு என்று சொல்லமாட்டார். மல்யுத்தக்காரர்கள் போட்டிக்கு முன்னால் விழுங்கும் காஃபீனின் கதையும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

காப்பி நம்ம மாவட்டத்துக்குப் புதுசில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் அதைப் பயிரிடச் செய்தார். ஆனால் கீழே சமவெளியில் காலை என்றால் கூழும் நீராகாரமும்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி தமிழர் வீடுகளுக்குள் நுழைந்தபோது, அது உடம்பைக் கெடுக்கிறது என்ற புலம்பலும் கூடவே வந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' இந்தச் சண்டையை விரிவாகப் பேசுகிறது.

அதே காலத்தில் இன்னொருவர் காப்பியின் சாரத்தை அளந்துகொண்டிருந்தார். டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். 1901-02இல் நீலகிரிக்கு வந்து தோடர்களோடு பழகி, 1906இல் அவர்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். மறுவருஷமே வெப்பர் என்பவரோடு சேர்ந்து காஃபீனும் தசை உழைப்பும் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். விரலால் எடையைத் திரும்பத் திரும்ப இழுக்கவேண்டும். எப்போது ஓய்கிறது என்று கருவி பதிவுசெய்யும். குடித்தது காஃபீனா வெறும் கலவையா என்று தெரியாதபடி பார்த்துக்கொண்டார்கள். காஃபீன் உழைப்பைக் கூட்டியது.

அப்படியானால் புலம்பியவர்கள் சொன்னது பொய்யா? முழுக்க இல்லை. நாம் விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் சேரும். "போதும், படு" என்று சொல்வது அதுதான். காஃபீன் அது உட்காரவேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. என் தொழில் பாஷையில் சொன்னால், பிழையைச் சரிசெய்யவில்லை, எச்சரிக்கையை மட்டும் அணைத்துவிட்டோம்.

மல்யுத்தத்தில் ஒரு ஆட்டம் மூன்று மூன்று நிமிஷமாக இரண்டு சுற்று. ஒரே நாளில் பல ஆட்டம் வரும். முன்கை கல்லாகி, பிடி நழுவும் அந்தக் கடைசி நிமிஷத்தில் எச்சரிக்கை கேட்காமல் இருப்பது லாபம்தான். விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் அளவு கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம். 60 கிலோ வீரருக்கு 180 முதல் 360. ஜூடோ வீரர்களிடம் நடந்த சோதனைகளில் சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. அளவு மீறினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும்.

ஒலிம்பிக்கில் இதற்கு ஒருகாலத்தில் வரம்பு இருந்தது. 1988 சியோலில் வாள்வீச்சும் அடங்கிய நவீன ஐந்திறப் போட்டிக்கு வந்த ஆஸ்திரேலியரான அலெக்ஸ் வாட்சன், வரம்பைத் தாண்டியதாகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். 2004 ஜனவரி 1 முதல் காஃபீன் தடைப்பட்டியலில் இல்லை.

சட்டம் விலகிக்கொண்டது, உடம்பு விலகவில்லை. குடித்ததில் பாதி கழியவே சுமார் ஐந்து மணிநேரம் ஆகும். சாயங்கால ஆட்டத்துக்கு விழுங்கியது ராத்திரித் தூக்கத்தைத் தின்றுவிட்டால், மறுநாள் காலை ஆட்டத்துக்கு எதை வைத்து இறங்குவது? டப்பாவிலிருந்து கரண்டி கரண்டியாகப் போடும் பையன்கள் இதைத்தான் கணக்கில் எடுப்பதில்லை. தறிக்காரர் எடுக்கிறார். ராத்திரி டீ குடித்தவர், விடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார்.