காப்புரிமையை எண்ணினால் போதுமா?

தொழிற்புரட்சிக் காலத்து இங்கிலாந்தில் எத்தனை புதுமைகள் பிறந்தன என்று கணக்கெடுக்கப் போகிறவர் முதலில் கை வைப்பது பென்னட் வுட்கிராஃப்ட் தயாரித்த அட்டவணையில்தான். 1617 முதல் 1852 வரை மொத்தம் 14,359 காப்புரிமைகள். ஆண்டு, பெயர், பொருள் எல்லாம் வரிசையாக இருக்கும். புள்ளியியல் வாத்தியார் பார்த்தால் பூரித்துப்போவார்!

ஆனால் 1852க்கு அப்பாலும் கோட்டை நீட்டிப் பாருங்கள், சட்டென்று செங்குத்தாக ஏறும். ஒரே வருடத்தில் நாட்டில் மூளை பெருகிவிடவில்லை. புதுச் சட்டம் கட்டணத்தைக் குறைத்தது, அவ்வளவுதான். அதற்கு முன்பு இங்கிலாந்துக்கு மட்டும் உரிமை வாங்கவே சுமார் 100 பவுண்டு. ஸ்காட்லாந்து, அயர்லாந்தையும் சேர்த்தால் 300க்கு மேல், அதாவது ஒரு தொழிலாளியின் பல வருடக் கூலி. (இந்த அலைச்சலைக் கிண்டலடித்து டிக்கன்ஸ் 1850ல் ஒரு கதையே எழுதினார்.) ஆக, பழைய பட்டியலில் இருப்பவர்கள் பணம் கட்ட முடிந்தவர்கள். லங்காஷயர் பருத்தித் தொழிலையே புரட்டிப்போட்ட சாமுவேல் கிராம்ப்டனின் 1779ஆம் ஆண்டு நூற்பு இயந்திரம் அதில் கிடையாது. அவர் காப்புரிமை வாங்கவே இல்லை.

பெட்ரா மோசர் என்ற பொருளாதார வரலாற்று ஆய்வாளர் வேறு வழியில் போனார். 1851 லண்டன் கண்காட்சியின் பொருட்பட்டியலை எடுத்தார். பிரிட்டிஷ் பொருட்களில் காப்புரிமை பெற்றவை ஏறக்குறைய ஒன்பதில் ஒன்றுதான். இயந்திரங்களில் கொஞ்சம் அதிகம். வேதிப்பொருட்களில் ரொம்பக் குறைவு, செய்முறையை ரகசியமாக வைத்துக்கொள்ள முடிந்ததே!

கண்காட்சியிலும் குறை உண்டு. அது ஒரே ஆண்டின் படம். அதனால் என் கணக்கு இப்படி: ஆண்டுவாரிப் போக்கு வேண்டுமென்றால் வுட்கிராஃப்ட், ஆனால் 1852ல் நிறுத்திவிட வேண்டும். தொழிலுக்குத் தொழில் ஒப்பிட வேண்டுமென்றால் கண்காட்சிப் பட்டியல்.