சாவி போட்டும் சத்தம் இல்லையா? பழைய பைக்கில் கரன்ட் எங்கே தொலையுதுன்னு நீங்களே கண்டுபிடிக்கலாம்!

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைக்காத பொருள் இல்லை. பழைய மிக்ஸி, செருப்பு, செடி, செல்போன் சார்ஜர் என நீளும் கடைகளுக்கு நடுவே, தார்ப்பாய் விரித்து பைக் பார்ட்ஸைக் கொட்டி வைத்திருப்பார்கள். "அண்ணே, ஆர்எக்ஸ்100-க்கு சிடிஐ இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் குனிவார். பேரம் பேசி வாங்கியும் போவார். வீட்டில் இருக்கிற சிடிஐ நிஜமாவே செத்துப்போச்சா? கேட்டால், "இருக்கும்னு நினைக்கிறேன் பாஸ்" என்பார்.

பழைய பைக் வைத்திருப்பவர்கள் காசை விடுவது இந்த 'நினைக்கிறேன்' என்ற இடத்தில்தான். பேட்டரி மாத்தி, சிடிஐ மாத்தி, காயில் மாத்தி, கடைசியில் பார்த்தால் ஹேண்டில்பார் திரும்புகிற இடத்தில் ஒரு வயர் அறுந்திருக்கும். அப்பாவின் புல்லட், சித்தப்பா கொடுத்த ஆர்எக்ஸ்100, தாத்தாவின் சிடி100 என ஏதோ ஒன்று உங்கள் கைக்கு வந்திருந்தால், எதையும் வாங்குவதற்கு முன்பு இதைப் படிச்சிடுங்க. தேவைப்படுவது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு ஸ்பேர் பல்பு, ரெண்டு துண்டு வயர், உங்கள் போன். போன் எதற்கு என்றால், எந்தக் கப்ளரைக் கழற்றுவதற்கு முன்பும் ஒரு போட்டோ. இருபது வருஷ அழுக்கில் எல்லா வயரும் ஒரே கலராகத்தான் தெரியும்.

முதல் கேள்வி: எது வேலை செய்யலை?

'வண்டியில் கரன்ட் இல்லை' என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால், பழைய பைக் பலவற்றில் கரன்ட்டுக்கு இரண்டு தனித்தனி வீடுகள். 1985-ல் வந்த ஆர்எக்ஸ்100, அதே வருடம் வந்த ஹீரோ ஹோண்டா சிடி100, 1994-ல் வந்த ஸ்பிளெண்டர் ஆகியவற்றில் பிளக்குக்குப் போகும் கரன்ட் இன்ஜினுக்குள் இருக்கும் மேக்னெட் காயிலிலிருந்து நேராக வரும். பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஹார்ன், இண்டிகேட்டர், பிரேக் லைட் பேட்டரியில் ஓடும். அதனால்தான் பேட்டரி முழுசா செத்த ஸ்பிளெண்டரும் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகிறது. அந்த வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு புது பேட்டரி வாங்கினால், அது வீண் செலவு.

பாயிண்ட் வைத்த பழைய புல்லட் கதை வேறு. அங்கே ஸ்பார்க்குக்கே பேட்டரிதான் ஆதாரம். பேட்டரி படுத்தால் இன்ஜினும் படுக்கும்.

ஆகவே சாவியைப் போட்டதும் நியூட்ரல் லைட், ஹார்ன், இண்டிகேட்டர், பிரேக் லைட், கடைசியாக பிளக்கில் ஸ்பார்க் என்று வரிசையாகப் பாருங்கள். எல்லாமே அவுட்டா, ஒன்று மட்டும் அவுட்டா என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று. 2017 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த புது பைக்குகளில் இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட் தானாக எரிந்துகொண்டே இருக்கும். அதை ஓட்டிப் பழகியவர்கள் பழைய ஸ்பிளெண்டரில் ஏறியதும், "ஐட்லிங்ல லைட் மங்குது, ஏதோ கோளாறு" என்று பயப்படுவார்கள். கோளாறெல்லாம் இல்லை. அந்த ஹெட்லைட் மேக்னெட்டிலிருந்து நேராக எரிவதால், ஆக்ஸிலரேட்டர் முறுக்கினால் பளிச், விட்டால் மங்கல். அதுதான் அதன் குணம்.

எல்லாமே அவுட் என்றால்

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து பேட்டரியின் இரு முனைகளிலும் தொடுங்கள். 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 12.6-க்கு மேல் காட்டும். 12-க்குக் கீழே போய்விட்டால் அது காலி. பழைய 6 வோல்ட் வண்டி என்றால் இந்த எண்களில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது ஹார்னை அழுத்திக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 12.5 காட்டிய பேட்டரி, ஹார்ன் அடித்ததும் 9-க்குச் சரிந்தால் அதற்கு வயசாகிவிட்டது.

பேட்டரி நன்றாக இருந்தால் அடுத்து டெர்மினல். வெள்ளையாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்குங்கள். பிறகு பியூஸ். கண்ணாடி பியூஸைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். மூடிக்குள் அறுந்திருந்தால் வெளியே தெரியாது. மீட்டரின் பீப் சத்தத்தை மட்டும் நம்புங்கள்.

புது பியூஸ் போட்டதும் அதுவும் போகிறதா? தயவுசெய்து சிகரெட் பேப்பர் ஃபாயிலைச் சுற்றிப் போடாதீர்கள். தடித்த கம்பியும் வேண்டாம். எங்கோ ஒரு வயர் பாடியில் உரசுகிறது என்பதைத்தான் பியூஸ் தன் உயிரைக் கொடுத்துச் சொல்கிறது. அதன் வாயை மூடினால், அடுத்து உருகப்போவது பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஓடும் வயர். தீப்பிடிக்க அது போதும்.

இதற்குப் பழைய ஆட்டோ எலெக்ட்ரீஷியன்களின் வித்தை ஒன்று இருக்கிறது. பியூஸ் இருக்கும் இடத்தில் பியூஸுக்குப் பதிலாக ஒரு பழைய ஹெட்லைட் பல்பை இரண்டு வயரில் இணையுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், பியூஸ் வீணாகாது. இப்போது ஹேண்டில்பாரை இடமும் வலமும் திருப்புங்கள். டெயில் லைட்டுக்குப் போகும் வயரை ஆட்டுங்கள். கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் பல்பு அணைகிறதோ, ஷார்ட் அந்தப் பக்கம். முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் ஸ்டீயரிங் கழுத்து, சீட்டுக்கு அடியில் மட்கார்டோடு உரசும் பகுதி, ஹெட்லைட் டூமுக்குள் வயர்கள் நுழையும் ஓட்டை.

ஹார்ன் அடிக்குது, ஆனா பிளக்ல கரன்ட் வரலையா?

பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உடல் இன்ஜினின் வெற்று உலோகத்தில் நன்றாகத் தொடும்படி வைத்துக் கிக் செய்யுங்கள். பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வேண்டாம், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும். நீல நிறத்தில் 'டிக்' என்று அடித்தால் கரன்ட் பிரச்னை இல்லை, பெட்ரோல் பக்கம் பாருங்கள். பிளக்கை எர்த் செய்யாமல் அந்தரத்தில் தொங்கவிட்டு மட்டும் கிக் செய்யாதீர்கள். நல்ல சிடிஐயும் போய்விடலாம்.

ஸ்பார்க் இல்லை என்றால் வேறு பிளக், அடுத்து பிளக் கேப். அப்புறமும் சிடிஐ மேல் பழி போடாதீர்கள். மேக்னெட்டில் ஓடும் இந்த வண்டிகளில் சாவியின் வேலை தலைகீழ். சாவியை ஆஃப் செய்யும்போது அது ஒரு வயரை எர்த்தோடு சேர்த்து ஸ்பார்க்கைக் கொல்கிறது. அந்த வயர் எங்காவது தோல் உரிந்து பாடியில் தொட்டாலோ, சாவி சுவிட்ச்சுக்குள் மழைத்தண்ணீர் புகுந்தாலோ, ஆன் செய்தாலும் வண்டிக்கு அது ஆஃப்தான். சிடிஐக்கு வரும் அந்த வயரை (ஹீரோ ஹோண்டாவில் கறுப்பில் வெள்ளைக் கோடு) தனியாகக் கழற்றிவிட்டுக் கிக் செய்யுங்கள். ஸ்பார்க் வந்துவிட்டதா? சிடிஐ நல்லா இருக்கு. கோளாறு சுவிட்ச்சிலோ வயரிலோ. இந்த இரண்டு நிமிட டெஸ்ட்டைச் செய்யாமல் சிடிஐ வாங்குவதில் அர்த்தமே இல்லை. வயரைக் கழற்றிய நிலையில் சாவியால் இன்ஜினை நிறுத்த முடியாது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கைப் பிடித்து, கியரில் போட்டு, கிளட்ச்சை மெல்ல விட்டால் நின்றுவிடும்.

புல்லட்காரர்களுக்கு இயற்கையே ஒரு மீட்டரைக் கொடுத்திருக்கிறது. 1955 முதல் திருவொற்றியூரில் தயாரான அந்த வண்டியின் ஹெட்லைட் மேல் இருக்கும் ஆம்பியர் மீட்டரை வெறும் அழகு என நினைத்திருந்தால், கொஞ்சம் உற்றுப்பாருங்கள். சாவியைப் போட்டு கிக்கரை மெதுவாக அமுக்கினால், பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயணும். திறக்கும்போது நடுவுக்கு வரணும். முள் அசையவே இல்லை என்றால் பேட்டரி, சுவிட்ச் அல்லது அழுக்கான பாயிண்ட். மைனஸிலேயே ஒட்டிக்கிட்டு இருந்தால் பாயிண்ட் திறக்கலை. பாயிண்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மி.மீ. இருக்க வேண்டும், ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்துவிடலாம். முள் சரியாக ஆடியும் ஸ்பார்க் பலவீனமாக இருந்து, பாயிண்ட்டிலேயே பளிச் பளிச்சென்று தீப்பொறி பறந்தால் கண்டன்சர் மேல் சந்தேகப்படலாம்.

அப்புறம் அந்தப் பிரபலமான நோய். பல்லாவரத்தில் கிளம்பும்போது சூப்பராக ஓடும். பெருங்களத்தூர் போவதற்குள் நின்றுவிடும். டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். சூட்டில் விரியும் மேக்னெட் காயில், எச்டி காயில், கண்டன்சர் இவற்றில் ஒன்று. மெக்கானிக் கடைக்குப் போவதற்குள் ஆறிவிடுவதால் அங்கே எதுவும் தெரியாது. நின்ற அந்த நிமிடமே, சூட்டோடு ஸ்பார்க் டெஸ்ட் செய்யுங்கள், கையைச் சுட்டுக்கொள்ளாமல். ஸ்பார்க்கை போனில் வீடியோ எடுத்து வைத்தால் மெக்கானிக்கிடம் காட்டலாம்.

அடிக்கடி பேட்டரி போகுதா?

இன்ஜினை நல்ல வேகத்தில் ஓடவிட்டு பேட்டரி முனையில் மீட்டரை வையுங்கள். 13.5 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜிங் ஓகே. 13-ஐத் தாண்டவே இல்லை என்றால் காயிலோ ரெகுலேட்டரோ அவுட். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போச்சு; பல்பு அடுத்தடுத்து பியூஸ் போவதும், பேட்டரி தண்ணீர் வற்றுவதும் இதனால்தான்.

வெளியில் புதுசு, உள்ளே பச்சை

தென் சென்னையில் பழைய பைக் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் அடையாறு வீட்டுக்குள் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். தண்ணீரில் மூழ்கிய பைக்கில் வயரின் பிளாஸ்டிக் பளபளவென்று இருக்கும். உள்ளே செம்பு கறுத்து, பச்சை பூத்துப் போயிருக்கும். ஹெட்லைட் டூமைத் திறந்தால் மூலையில் காய்ந்த சேறு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

இப்படிப்பட்ட வயரில் மீட்டர் பீப் அடிக்கும், ஆனால் வேலை நடக்காது. அதைப் பிடிக்க, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை ஹார்னுக்கு கரன்ட் வரும் இடத்திலும் வைத்து ஹார்னை அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், வழியில் எங்கோ கரன்ட் சாகிறது. அதேபோல பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவே. அங்கே 0.2, 0.3 தாண்டினால் எர்த் சரியில்லை. இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மின்னுகிறதா? பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் லேசாக எரிகிறதா? பேய் இல்லை பாஸ், எர்த்துதான். போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி, இறுக்கினால் போதும்.

எல்லாவற்றிலும் தள்ளிப்போடவே கூடாதது பிரேக் லைட். இரவு ஜிஎஸ்டி ரோட்டில் உங்களுக்குப் பின்னால் ஆம்னி பஸ் வருகிறது. நீங்கள் பிரேக் பிடித்தது அந்த டிரைவருக்குத் தெரியணும். முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். இரண்டுக்கும் வேறு வேறு சுவிட்ச். ஒன்று வேலை செய்வதால் மற்றதும் செய்கிறது என்று அர்த்தமில்லை.

சந்தையில் என்ன வாங்கலாம்? ஹார்ன், சுவிட்ச், சைடு பேனல் ஓகே. ஹார்னை அங்கேயே ஒரு பேட்டரியில் வைத்து அடித்துப் பார்த்துவிடலாம். சிடிஐ, காயில், ரெகுலேட்டர் மூன்றையும் வண்டியில் மாட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம் என்பதே என் கட்சி. மொத்த வயரிங்கும் நொறுங்கிப் போயிருந்தால் ஒட்டுப்போடாமல் புது வயரிங் கிட் போட்டுவிடுங்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது, "வண்டி ஸ்டார்ட் ஆகலைண்ணே" என்று மட்டும் சொல்லாதீர்கள். "அண்ணே, பேட்டரி 12.6 இருக்கு, ஹார்ன் அடிக்குது, பிளக்ல கரன்ட் இல்ல. கில் வயரைக் கழற்றினாலும் வரலை" என்று சொல்லிப் பாருங்கள். அவர் வயர் கட்டரை வைத்துவிட்டு, நேராக மேக்னெட் கவரைத்தான் கழற்றுவார்.