ஊட்டித் தூண்டிலும் பழவேற்காட்டுப் பாடும்: தண்ணீர் உரிமையின் மீதிப் பாதி



மறைந்த தோழரின் நினைவுச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருளைச் சொன்னதும் நண்பர்கள் சிலர் சிரித்தார்கள். இறாலும் மடவையும் நண்டும் பிடித்து வாழும் சுண்ணாம்புக்குளத்தில் நின்றுகொண்டு, ஊட்டியில் வெள்ளைக்காரத் துரைகள் ட்ரவுட் மீன் பிடித்த கதையைச் சொல்வதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். என் பதில் இது: தண்ணீரில் இறங்க யாருக்கு உரிமை உண்டு என்பதை நம் நாட்டில் மூன்று பேர் தீர்மானித்திருக்கிறார்கள். ஒருவர் சட்டம் எழுதியவர், இன்னொருவர் சாதிப் பட்டியல் வைத்திருப்பவர், மூன்றாமவர் அறிஞர். மூவரும் ஒன்றாக நிற்கும் காட்சியை நான் முதலில் பார்த்தது நீலகிரி ஓடைகளின் வரலாற்றில்தான். அதைப் பார்த்த பிறகுதான் நம் ஏரி எனக்கு விளங்கியது.

1. முள்ளில் கட்டிய பூச்சி

ட்ரவுட், குளிர்ந்த ஓடையில் வாழும் மீன். தண்ணீரின் மேல் வந்து விழும் பூச்சிகளைத் தாவிப் பிடித்துத் தின்னும். அதைப் பிடிக்கப் புழு வைக்காமல், பூச்சியைப் போலவே ஒன்றைச் செய்து ஏமாற்றுவது ஒரு கலை. சின்னத் தூண்டில் முள்ளில் பட்டு நூலைச் சுற்றி, மயிரையும் கம்பளி இழையையும் உடலாக்கி, கோழி இறகைச் சிறகாகக் கட்டுவார்கள். இதை ஆங்கிலத்தில் ‘ஃப்ளை’ என்கிறார்கள். நாம் பூச்சித் தூண்டில் என்று சொல்லிக்கொள்வோம். அதற்கு எடையே இல்லை என்பதால், கனமான நூலைக் கோலால் வீசினால் அந்த வீச்சு பூச்சியைக் கொண்டுபோய் நீரில் இறக்கும். எந்த மாதத்தில் எந்தப் பூச்சி பறக்கும், எந்த நிழலில் மீன் நிற்கும் என்பது தெரியாதவருக்கு ஒன்றும் சிக்காது. நல்ல அறிவு, நல்ல கைவேலை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

இந்தக் கைவேலை யாருடையது? கி.பி. 200 வாக்கில் எழுதிய ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியாவில் ஓர் ஆற்றங்கரை மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியும் சேவல் இறகும் கட்டி மீன் பிடித்ததை விவரிக்கிறார். உள்ளூர் மக்களின் பிழைப்பு நுட்பம் அது. பின்னாளில் இங்கிலாந்தில் அது கனவான்களின் பொழுதுபோக்காயிற்று. பொழுதுபோக்கான இடத்தில் வேலி வந்தது. 1723இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கொண்டுவந்த ‘கறுப்புச் சட்டம்’ மான் வேட்டையோடு மீன் திருட்டையும், மீன் குளத்தின் கரையை உடைப்பதையும் தூக்குத் தண்டனைக்குரிய குற்றங்களில் சேர்த்தது. தண்டனைக்கு இலக்கானவர்கள் அந்நாட்டு ஏழைகள். ஒரே ஓடை, பணக்காரர் பிடித்தால் விளையாட்டு, ஏழை பிடித்தால் திருட்டு. இந்தப் பிரிவினை இங்கே கப்பலேறி வருவதற்கு முன் அங்கேயே பழகிப் பார்க்கப்பட்டது.

2. மலைக்கு வந்த மீன், மலைக்கு வந்த சட்டம்

சென்னைப் படையில் மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் டே, 1863இலும் 1866இலும் ட்ரவுட் முட்டைகளை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். சூயஸ் கால்வாய் திறக்காத காலம். குளிர்ச்சி குறைந்தால் சாகும் முட்டைகள். முயற்சி தோற்றது. ட்ரவுட் மலையில் நிலைகொள்ள இன்னும் 40 ஆண்டுகள் பிடித்தன. எச். சி. வில்சன் என்ற மீன்வளர்ப்பு நிபுணர் பொறுப்பேற்று, 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. இலங்கை மலைகளில் ஏற்கெனவே வளர்க்கப்பட்ட வானவில் ட்ரவுட்டும் இங்கே வந்து சேர்ந்தது.

மீன் வருவதற்கு முன்பே வேலி வந்துவிட்டது. 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தொடங்கியது. 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக்குக் காலமும் உரிமமும் வைக்கவும், ஓடைகளிலும் ஏரிகளிலும் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தவும் அது அரசுக்கு அதிகாரம் தந்தது. 1882இல் சென்னை வனச் சட்டம் காட்டின் வாசலைச் சாத்தியது.

இதற்கு அறிவுலகத்தின் துணையும் இருந்தது. அதே ஃபிரான்சிஸ் டே 1873இல் இந்தியா, பர்மாவின் நன்னீர் மீன்வளம் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டில் சென்னை மாகாண சிவில் அதிகாரி எச். எஸ். தாமஸ், தூண்டில்காரர்களுக்கான ‘தி ராட் இன் இந்தியா’ நூலை வெளியிட்டார். இருவருக்கும் ஒரே கவலை: கிராமத்து மக்களின் சிறுகண் வலையும் கூடும் நஞ்சும் மீன்வளத்தை அழிக்கின்றன. அந்தக் கவலையின் தொடர்ச்சிதான் 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம். வெடியையும் நஞ்சையும் அது தடை செய்தது. நிலையாகக் கட்டும் பொறிகளையும் வலைக்கண்ணின் அளவையும் கட்டுப்படுத்த மாகாண அரசுகளுக்கு அதிகாரம் தந்தது.

தோழர்களே, வெடி வைத்து மீன் பிடிப்பதை நான் ஆதரிக்கவில்லை. வலைக்கண் சிறுத்தால் குஞ்சு அழியும் என்பதும் உண்மை. என் கேள்வி வேறு. வயிற்றுக்காகப் பிடித்தவரின் கருவியைக் குற்றமாகப் பார்த்த கண், துரையின் தூண்டில் கோலைப் பண்பாட்டின் அடையாளமாகப் பார்த்ததே, அது எப்படி?

அந்தக் கோலின் நுனியில் இருந்ததும் நம் காட்டுப் பொருள்தான். தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகில் மெழுகு பூசியது போன்ற மின்னும் புள்ளிகள் உண்டு. ட்ரவுட்டுக்கும் சால்மனுக்கும் பூச்சி கட்டுவோர் உலகெங்கும் விரும்பித் தேடிய இறகு அது. கப்பல் கப்பலாகப் போன பறவை இறகு வணிகத்தை 1902இல் இந்திய அரசு ஏற்றுமதித் தடையால் நிறுத்த முனைந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவையையே காத்தது. ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு பெயர் உண்டு. கட்டிய துரைக்குப் புகழ் உண்டு. கண்ணி வைத்துப் பறவையைப் பிடித்துக் கொடுத்தவரின் பெயரை நான் எங்கும் படித்ததில்லை. இன்றும் மேலைநாட்டுக் கடைகளில் விற்கும் பூச்சித் தூண்டில்களில் கணிசமானவை கென்யா, இலங்கை, தாய்லாந்து நாடுகளில் கூலிக்குக் கட்டப்படுபவை. கட்டுவோரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் கட்டிய பூச்சி வேறொருவரின் ஓய்வுநாளுக்குப் போகிறது.

3. அதே மலை, 1891

நம் வரலாறு இந்த இடத்தில்தான் நுழைகிறது. மீனுக்குச் சட்டம் வந்த அதே மலையில் அயோத்திதாசப் பண்டிதர் வாழ்ந்தார். இரட்டைமலை சீனிவாசன் இளமையில் அங்கே ஒரு நிறுவனத்தில் கணக்கராக வேலை பார்த்தார். 1891 டிசம்பர் 1 அன்று பண்டிதர் நீலகிரியில் மாநாடு கூட்டிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றினார். கல்வி, வேலை, உள்ளாட்சிப் பிரதிநிதித்துவம் ஆகியவற்றோடு, பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தடையின்றித் தண்ணீர் எடுக்கும் உரிமையும் அந்தத் தீர்மானங்களில் இருந்தது.

இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1879: நீலகிரியில் மீனைக் காக்கச் சட்டம். 1891: நீலகிரியில் மனிதர் தண்ணீர் கேட்டுத் தீர்மானம். முன்னதைச் சட்டமாக்க ஒரு சங்கமும் சில துரைகளும் போதுமாயிருந்தது. பின்னது சட்டமன்றத்தின் படியேற 33 ஆண்டுகள் ஆயின. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் பொது வழி, கிணறு, குளம் அனைத்தும் அனைவருக்கும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அதே இரட்டைமலை சீனிவாசன். தீர்மானம் காகிதத்தில் இருந்தால் தண்ணீர் வாய்க்கு வராது என்பதை 1927 மார்ச் 20இல் மகத்தில் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்து அண்ணல் அம்பேத்கர் காட்டினார்.

தண்ணீரைக் குடிக்கும் உரிமைக்கு நம் முன்னோர் போராடினார்கள். தண்ணீரில் பிழைக்கும் உரிமை அதன் மீதிப் பாதி. அந்தப் பாதி எங்கே கிடக்கிறது என்று பார்க்கத்தான் நாம் இந்த ஏரிக்கு வர வேண்டும்.

4. பாடு

பழவேற்காட்டின் எழுதப்பட்ட வரலாறு டச்சுக் கோட்டையையும், 17ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து கப்பலேறிய துணியையும் அடிமைகளையும் பற்றிப் பேசுகிறது. ஏரிக்குள் எழுதப்படாத ஒரு சட்டமும் இருந்து வந்திருக்கிறது. அதன் பெயர் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில், இறால் நன்றாகப் படும் இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதைத் தலைக்கட்டுக் கணக்கில் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. சண்டை குறையும். ஏரியும் தாங்கும். சமூகமே தன் வளத்தைக் காத்துக்கொள்ளும் முறைக்கு எடுத்துக்காட்டாக ஆய்வாளர்கள் இதைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். அந்தப் பாராட்டில் உண்மை இருக்கிறது.

சமூகவியல் படித்த எனக்குச் சீட்டுக் குலுக்கும் பானையைவிட, அந்தப் பானைக்குள் யார் பெயர் போகிறது என்பதே முதல் கேள்வி. பாட்டில் இடம்பெற அந்த ஊரில், அந்தச் சாதியில், ஆணாகப் பிறந்திருக்க வேண்டும். பட்டினவர் தலைக்கட்டுக்குள் சமத்துவம் உண்டு. ஏரியில் மீன் பிடிக்கும் தலித்துகளுக்கும் இருளருக்கும் அந்தப் பானையில் சீட்டு இல்லை. ‘சமூகம்’ என்று ஆய்வாளர் எழுதும் இடத்தில் பல நேரம் ‘சாதி’ என்று படிக்க வேண்டியிருக்கிறது. தமிழில் பாடு என்றால் முறை, உழைப்பு, துன்பம் மூன்றும்தான். முறை ஒருவருக்கு வந்தது. மற்ற இரண்டும் எல்லோருக்கும் வந்தன.

5. கை

அந்த எல்லைக்கு வெளியே இருப்பவர்களின் கருவி கை. விடியலில் ஏரிக்கரையில் நின்றால் பார்க்கலாம். இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் தாழ்ந்து நகர்ந்தபடி, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். கைகள் வேலையில் இருப்பதால் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். கிளிஞ்சல் காலை அறுக்கும். கெளுத்தி முள் கையில் ஏறும். எந்தச் சேற்றில் இறால் ஒடுங்கும், எந்த ஓதத்தில் மேலே வரும் என்பது அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கிறது. பூச்சி கட்டும் துரையின் அறிவுக்கு இது எந்த வகையிலும் குறைந்ததில்லை. அந்த அறிவுக்கு நூலகம் இருக்கிறது. இந்த அறிவு மீன்பிடித் தொழிலாகவே எண்ணப்படுவதில்லை.

நீலகிரிச் சரிவிலும் இருளர் என்ற பெயரில் ஒரு பழங்குடி இருக்கிறது. மொழியும் வாழ்க்கையும் வேறு. ஆனால் அரசு ஆவணத்தில் ஒரே பெயர். காட்டை ஒரு சட்டம் மூடிய பிறகு சமவெளி இருளருக்கு மிஞ்சியது ஏரியும் செங்கல் சூளையும் நெல் வயலில் எலி பிடிப்பதும்தான். மேலே உரிமம் கேட்டார்கள். கீழே தலைக்கட்டு கேட்கிறார்கள். இரண்டு இடத்திலும் நம்மிடம் இல்லாததையே கேட்டார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பாடு வைத்திருக்கும் மீனவர் துரை இல்லை. அவரும் ஏழை. முகத்துவாரம் தூர்ந்தாலும், தொழிற்சாலைக் கழிவு கலந்தாலும், துறைமுகம் விரிந்தாலும் அவர் பாடும் போகும். அவரோடு நாம் உட்கார்ந்து பேச வேண்டும். ஏரியைக் காக்கும் போராட்டத்தில் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் ஏரி காப்பாற்றப்பட்ட பிறகும் பானைக்குள் அதே பெயர்கள்தான் இருக்கும் என்றால், நாம் யாருடைய ஏரியைக் காத்தோம் என்று நம் பிள்ளைகள் கேட்பார்கள்.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை. படகுக்கு மானியம் உண்டு, வலைக்கு மானியம் உண்டு. கைக்கு என்ன உண்டு என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதுங்கள். கையால் மீன் பிடிப்பவர்கள் எத்தனை பேர், எந்த நீரில் இறங்குகிறார்கள், எங்கே விரட்டப்படுகிறார்கள், கூட்டுறவுச் சங்கத்திலும் நல வாரியத்திலும் எத்தனை பேர் உறுப்பினர் என்று பட்டியல் எடுங்கள். பெண்களின் பெயரைக் கணவர் பெயருக்குக் கீழே எழுதாமல் தனி வரியில் எழுதுங்கள். நீலகிரி ஓடையில் துரைகள் பிடித்த மீனுக்குக் கணக்கு இருக்கிறது. பழவேற்காட்டுச் சேற்றில் நம் பெண்கள் பிடித்த இறாலுக்கும் கணக்கு இருக்கட்டும். 1891இல் பண்டிதர் செய்ததும் இதைத்தான். கோரிக்கையை எண் போட்டு எழுதினார்.

பதினோராவது தீர்மானத்தை நாம் எழுத வேண்டும்: நீரில் இறங்கும் ஒவ்வொரு கையும் மீனவரின் கை.