எடைப்பயிற்சியில் அமினோ அமிலக் குறைநிரப்பிகள்: ஊவாத் தோட்டப்புறத்தை முன்வைத்து

அமினோ அமிலக் குறைநிரப்பிகள் என்பவை புரதத்தின் அடிப்படை அலகுகளான அமினோ அமிலங்களைத் தூளாகவோ, வில்லையாகவோ, பானமாகவோ தரும் பொருள்கள். ஜிம்களில் இவற்றைச் சப்ளிமென்ட் என்கிறார்கள். லியூசின், ஐசோலியூசின், வாலின் ஆகிய மூன்று மட்டும் அடங்கிய பி.சி.ஏ.ஏ., இன்றியமையாத ஒன்பதும் அடங்கிய இ.ஏ.ஏ., பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே புரோட்டீன் போன்ற முழுப் புரதத் தூள் என மூன்று வகையாக இவை விற்பனையாகின்றன. பயிற்சிக்கு முன் எடுப்பதா, பின் எடுப்பதா என்பதே இவற்றைப் பற்றி அதிகம் கேட்கப்படும் கேள்வி. ஆனால் தசை வளர்ச்சியைப் பெரிதும் தீர்மானிப்பவை வேறு இரண்டு: ஒரு நாளில் உடலுக்குச் சேரும் மொத்தப் புரதம், அந்தப் புரதத்தில் எந்த அமினோ அமிலம் குறைகிறது என்பது. இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத்தில் ஹப்புத்தளை மலைத்தொடரின் தென்சரிவில், கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வெல்லவாய செல்லும் வீதியில் உள்ள ஹல்துமுல்லையிலும் அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் இந்த இரண்டாவது கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

தசையில் நடப்பது

மனித உடலின் புரதங்கள் 20 அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றுள் 9 ஐ வளர்ந்தவரின் உடலால் தேவையான அளவுக்குத் தானே உருவாக்க முடியாது. உணவிலிருந்துதான் பெற வேண்டும். இவற்றுள் கடைசியாக அறியப்பட்ட திரியோனினை அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கமிங் ரோஸ் 1935 இல் அடையாளம் கண்டார். எடை தூக்கிய பிறகு தசைப் புரதம் கட்டப்படும் வேகமும் சிதையும் வேகமும் சேர்ந்தே உயர்கின்றன. எதுவும் உண்ணாதவரின் உடலில் சிதைவே மேலோங்கி நிற்கும். அமினோ அமிலங்கள் இரத்தத்தில் சேர்ந்த பிறகுதான் கணக்கு வரவுப் பக்கம் திரும்புகிறது. கட்டும் பணியைத் தொடங்கச் சொல்லும் சமிக்ஞையில் லியூசினுக்குப் பெரும் பங்குண்டு. பி.சி.ஏ.ஏ. விளம்பரங்கள் இந்த உண்மையில்தான் கால் ஊன்றுகின்றன. ஆனால் சமிக்ஞை வேறு, மூலப்பொருள் வேறு. ஒன்பதில் ஒன்று குறைந்தாலும், குறைந்த அதன் அளவுக்கு மேல் புதிய புரதம் உருவாகாது.

நேரம் பற்றிய சான்றுகள்

நேரத்துக்குப் பெரும் மதிப்பு வந்ததற்கு 2001 இல் வெளியான இரண்டு ஆய்வுகள் முக்கியக் காரணம். 6 கிராம் இன்றியமையா அமினோ அமிலங்களைச் சர்க்கரையோடு பயிற்சிக்குச் சற்று முன் கொடுத்தால், பின் கொடுப்பதைவிடக் கூடுதலாகத் தசையில் சேர்கின்றன என்று டிப்டன் குழு காட்டியது. எஸ்மார்க் குழுவோ முதியவர்களை 12 வாரம் பயிற்றுவித்து, பயிற்சி முடிந்த உடனே 10 கிராம் புரதம் பெற்றவர்களுக்குத் தசை வளர்ந்ததையும், இரண்டு மணி நேரம் கழித்துப் பெற்றவர்களுக்கு வளராததையும் பதிவு செய்தது. இரண்டிலும் பங்கேற்றவர்கள் மிகச் சிலர். 2007 இல் டிப்டன் குழுவே வே புரோட்டீனைக் கொண்டு சோதித்தபோது, முன், பின் என்ற வேறுபாடு மறைந்துபோனது. பயிற்சி பெற்ற தசை ஏறத்தாழ 24 மணி நேரம்வரை உணவுப் புரதத்துக்குக் கூடுதலாக இசைந்து கொடுக்கிறது என்று 2011 இல் தெரியவந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013 இல் ஷோன்ஃபெல்ட், அராகன், கிரீகர் ஆகியோர் செய்த பகுப்பாய்வு, நேரத்தின் பலனாகத் தோன்றியதைப் பெரும்பாலும் மொத்தப் புரத அளவின் பலனாகவே இனங்கண்டது. 49 சோதனைகளைத் திரட்டிய 2018 ஆம் ஆண்டுப் பகுப்பாய்வின்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதம்வரை பலன் ஏறுகிறது. அதற்கு மேல் சராசரியில் கூடுதல் பலன் தெரியவில்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 96 கிராம். இந்த அளவை எட்டியவருக்கு அரை மணி நேரம் முந்துவதும் பிந்துவதும் பெரிதல்ல. எட்டாதவருக்கு எந்த நேரமும் கைகொடுக்காது.

தோட்டத்து உணவில் குறைவது எது

தோட்ட வீடுகளில் கோதுமை மா ரொட்டி முதன்மையான உணவுகளில் ஒன்று. காலை ஆளெடுப்பான பெரட்டுக்குப் போகுமுன் ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியுமாக நாள் தொடங்குகிறது. 2007 ஆம் ஆண்டு உலக சுகாதார அமைப்பின் அறிக்கைப்படி, வளர்ந்தவர் உண்ணும் புரதத்தில் கிராமுக்கு 59 மில்லிகிராம் லியூசின், 39 வாலின், 30 ஐசோலியூசின், 45 லைசின் இருக்க வேண்டும். கோதுமை மாவின் புரதத்தில் ஏறத்தாழ 70 லியூசின், 42 வாலின், 35 ஐசோலியூசின் உண்டு. லைசின் மட்டும் 25 ஐ ஒட்டியே நிற்கிறது. பி.சி.ஏ.ஏ. தூளில் இருக்கும் மூன்றும் ரொட்டியிலேயே போதிய விகிதத்தில் உள்ளன. ரொட்டியில் குறையும் லைசினோ அந்தத் தூளில் இல்லவே இல்லை. ரொட்டியை நம்பிப் பயிற்சி செய்யும் இளைஞர் பி.சி.ஏ.ஏ. வாங்கினால், இருப்பதற்கே மறுபடி விலை கொடுக்கிறார்.

இந்தக் குறையை நீக்கும் வழி அடுப்படியிலேயே உண்டு. பருப்புப் புரதத்தில் கிராமுக்கு 70 மில்லிகிராம் அளவுக்கு லைசின் இருக்கிறது. 100 கிராம் மாவில் சுட்ட ரொட்டியோடு 50 கிராம் பருப்பைச் சமைத்து உண்டால், இரண்டின் புரதமும் சேர்ந்து ஏறத்தாழ 22 கிராம். அதன் லைசின் விகிதம் 45 ஐத் தாண்டிவிடும். பருப்பில் குறைவாக உள்ள கந்தகம் சார்ந்த அமினோ அமிலங்களைக் கோதுமை ஈடுகட்டும். முட்டை ஒவ்வொன்றும் 6 கிராம் புரதம் தரும். நெத்தலிக் கருவாடு, பால்மா, கௌபி, சோயா மீட் எல்லாம் லைசின் நிறைந்தவை. 300 கிராம் மா, 200 கிராம் அரிசி, 100 கிராம் பருப்பு, இரண்டு முட்டை, ஒரு கைப்பிடி நெத்தலி, இரண்டு கோப்பைப் பால் என்று ஒரு நாள் உணவு அமைந்தால், 60 கிலோ எடையுள்ளவருக்கான 96 கிராமை அது ஏறத்தாழ எட்டிவிடும்.

மறுப்புகளும் விடைகளும்

பி.சி.ஏ.ஏ. தனியாகவே தசைப் புரத உருவாக்கத்தை உயர்த்துகிறதே என்பது முதல் மறுப்பு. 2017 இல் வெளியான ஜாக்மன் குழுவின் ஆய்வு 5.6 கிராம் பி.சி.ஏ.ஏ. யால் 22 விழுக்காட்டு உயர்வைக் கண்டது உண்மை. ஆனால் அதே அளவு பி.சி.ஏ.ஏ. அடங்கிய வே புரோட்டீன் தந்ததாக முந்தைய ஆய்வுகள் காட்டிய உயர்வில் இது ஏறத்தாழப் பாதிதான். எஞ்சிய ஆறு அமிலங்களுக்கும் உடல் தன் தசையையே சிதைக்க வேண்டியிருப்பது இந்த வேறுபாட்டை நன்கு விளக்குகிறது. பி.சி.ஏ.ஏ. தசை வலியைச் சற்றுக் குறைப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. வலி குறைவது வேறு, தசை வளர்வது வேறு.

முட்டையும் கருவாடும் பாலும் தோட்டக் குடும்பத்துக்கு எட்டுமா என்பது இரண்டாவது மறுப்பு. இதுதான் கனமான மறுப்பு. 2021 இல் 1,000 ரூபாயாகவும் 2024 இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்தில் ஒரு குடும்பமே உண்ண வேண்டியிருந்தது. 2016 ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாடு முழுவதும் 17 விழுக்காடு. தோட்டத் துறையில் ஏறத்தாழ 32 விழுக்காடு. இந்த வறுமைதான் குறைநிரப்பிக்கு எதிரான வலுவான வாதமும் ஆகிறது. கையில் பணம் குறைவென்றால், கூடுதல் புரதமும் கூடுதல் வகை அமினோ அமிலங்களும் தரும் பொருளுக்கே அது போக வேண்டும். பருப்பு ஒருவருக்கு மட்டுமன்றி வீட்டுக் குழந்தைகளுக்கும் உணவாகும்.

எப்போது பயன்படும்

நேரமும் குறைநிரப்பியும் உண்மையாகவே உதவும் சூழல்கள் சில உண்டு. வெறும் வயிற்றில் விடியற்காலையில் பயிற்சி செய்பவர் அதை முடித்தவுடன் உண்ண வேண்டும். அப்போது தாமதம் நட்டமே. நாள் முழுவதும் மலையேறிக் கொழுந்துச் சுமை தூக்கியவர் மாலையில் பயிற்சி செய்வதானால், மதிய உணவுக்கும் இரவு உணவுக்கும் இடையில் நீண்ட இடைவெளி விடாமல் வேளைக்கு 20 முதல் 30 கிராம் புரதமாகப் பிரித்து உண்பது நல்லது. முதியவர்களின் தசைக்கு இளையோரைவிட வேளைக்குக் கூடுதல் புரதம் தேவை. பசி குன்றியவர்களுக்கும், முட்டை, மீன், பால் மூன்றையும் தவிர்ப்பவர்களுக்கும் முழுப் புரதத் தூளோ இ.ஏ.ஏ. யோ கைகொடுக்கும். பி.சி.ஏ.ஏ. க்கு இந்தப் பட்டியலில் இடமில்லை.

சிறுநீரக நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தையோ அமினோ அமிலத்தையோ கூட்டக் கூடாது. காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படும் கிராந்துருகோட்டை பதுளை மாவட்டத்திலேயே இருப்பதால், இந்த எச்சரிக்கை ஊவாவுக்குக் கூடுதலாகப் பொருந்தும். போட்டிக்குச் செல்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அமினோ அமிலங்கள் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் ஜேர்மனியின் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிச் சோதித்த 634 குறைநிரப்பிகளில் 94 இல், உறையில் குறிப்பிடப்படாத ஹோர்மோன் சார் பொருள்கள் இருந்தன. இலங்கையில் 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊக்கமருந்துப் பரிசோதனை நடைபெறுகிறது. தன் உடலில் கண்டறியப்படும் பொருளுக்கு வீரரே பொறுப்பு. தோட்டப்புற விளையாட்டுக் கழகமோ பாடசாலையோ தன் வீரர்களுக்காகச் சிறிதளவு பணம் ஒதுக்க முடிந்தால், அதைப் பருப்புக்கும் முட்டைக்கும் முதலில் ஒதுக்க வேண்டும். அதன் பிறகும் புரதக் கணக்கில் குறை இருந்தால் மட்டுமே தூளைப் பற்றி யோசிக்கலாம். அதை எந்த நேரத்தில் எடுப்பது என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் கடைசியில் வரட்டும்.